சாட்டைக்காரனின் முகம்

மதுரை
20-2-1946

அன்புள்ள மாப்பிள்ளை யாக்கோபுக்கு,

உங்கள் ஊர்க் கண்மாய்க் கொலை வழக்கில் காளிராஜ் நேற்று மாலை ஜாமீனில் வெளியே வந்தான். கோர்ட் குமாஸ்தா சொன்னார்; உத்தரவை நானும் வாசித்தேன். மடையில் வெட்டுப்பட்டுச் செத்த கருத்தப்பாண்டிக்குச் சாட்சி சொல்ல இருந்த இரண்டு பேரும், பனிமூட்டத்தில் ஆள் தெரியவில்லை என்று பின்வாங்கிவிட்டார்கள்.

பத்திரிகைக்காரன் புத்தி, செய்தியை முதலில் எழுதிவிட்டேன். இனி வீட்டு விஷயம். பொங்கலுக்குப் பிறகு நீங்கள் தூரிகையைத் தொடவே இல்லை என்று தங்கச்சி ஜெயக்கொடி எழுதியிருக்கிறாள். ஈஸ்டருக்கு முந்தின தவசு கால வெள்ளிக்கிழமைகளில் கோவிலில் படம் எழுதித் தொங்கவிட வேண்டிய படுதா பாதியில் கிடக்கிறதாம். கேட்டால் சோற்றுத் தட்டை விட்டெறிகிறீர்களாம். என்ன ஆயிற்று? ஒளிக்காமல் எழுதவும்.

இப்படிக்கு,
அமிர்தராஜ்

திருச்சுழி
27-2-1946

அன்பு மச்சான் அவர்களுக்கு,

சர்வேசுரன் துணை. உடம்புக்கு ஒன்றுமில்லை. கைதான் ஓட மறுக்கிறது.

சேசுநாதரைக் கற்றூணில் கட்டி அடிக்கிற காட்சி. சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு, படுதாத் துணி வாங்கிக் கொடுத்த வீட்டாரின் முகங்களைப் போடுவது இங்கே வழக்கம். "எங்க வீட்டுக்காரரு மூக்கு இம்புட்டுச் சப்பையா?" என்று பெத்தம்மாள் இரண்டு தரம் அழிக்க வைத்தாள். சாட்டைக்காரனுக்கு மட்டும் எந்த வீடும் முகம் தராது. அவனுக்கு எப்போதும் முதுகுதான். புதிதாக வந்திருக்கும் பங்குச் சாமியார், "முதுகப் பாத்து எவன்யா மனந்திரும்புவான்? மூஞ்சியப் போடும்" என்கிறார்.

கற்பனையாக எதைப் போட்டாலும் பொம்மையாக இருக்கிறது. சிவப்பு குழைத்தால் குமட்டுகிறது.

ஜெயக்கொடிக்கும் சொல்லாததைச் சொல்கிறேன். கொலை நடந்த அன்று காலை வண்ணத்துக்குக் காவிக்கல் பொறுக்கக் கண்மாய்க்குப் போயிருந்தேன். கருத்தப்பாண்டி குனிந்து மடைப் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தான். முதல் வெட்டு பின்னாலிருந்து தோளில் விழுந்தது. திரும்பிக் கும்பிட்டான். கும்பிட்ட விரல்கள் சேற்றில் விழுந்தன. அடுத்தது கழுத்தில். வெட்டினவன் அரிவாளை வாய்க்காலில் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தான். "ஏலே படம் எழுதுறவனே, நீ இன்னிக்கு இங்கிட்டு வரல. வந்தேன்னு வாயத் தொறந்தா ஒம் பொண்டாட்டி தாலி தங்காது." கோபமே இல்லை அந்த முகத்தில். சாட்டைக்காரனை எழுத உட்கார்ந்தால் அதுதான் வந்து நிற்கிறது.

கடிதத்தைக் கிழித்துவிடவும்.

யாக்கோபு

மதுரை
4-3-1946

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கிழித்துவிட்டேன். வெட்டினவன் பெயரை நான் கேட்கவில்லை. இந்த மாதம் 29ஆம் தேதி விசாரணை. கண்ணால் பார்த்த சாட்சி இல்லாவிட்டால் வழக்கு அன்றே முடிந்துவிடும் என்று சர்க்கார் வக்கீல் சொல்கிறார். போலீசிடம் போங்கள் என்று எழுத எனக்குத் துணிவில்லை. போகாதீர்கள் என்று எழுதவும் மனம் வரவில்லை.

கைக்கு மட்டும் எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். பிணங்களைப் பார்த்துவிட்டு வந்த நாட்களில் எனக்கும் எழுத வராது. அப்போது நல்ல வாக்கியம் தேட மாட்டேன். அச்சுக்குப் போகாத தாளில், பார்த்ததை மட்டும் எழுதித் தள்ளுவேன். பிறகு செய்தி வந்துவிடும். நீங்களும் அந்த முகத்தை வீட்டுச் சுவரில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

அமிர்தராஜ்

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி
26-3-1946

அன்பு மச்சான் அவர்களுக்கு,

நான் சொல்லச் சொல்ல ஜெயக்கொடி எழுதுகிறாள்.

சுவரில் எழுதினேன். கண்ணோரச் சுருக்கம் வரை ஒரே பகலில் வந்துவிட்டது. சுண்ணாம்பும் அடித்தேன். படுதாவில் வேறு முகம் வைத்தேன், திரும்பவும் பொம்மை. ஒன்றை மறைத்துக்கொண்டு இன்னொன்றை எழுத எனக்கு வராது என்று அப்போதுதான் தெரிந்தது. அவன் முகத்தையே எழுதிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை படுதாவை விரித்ததும் செபம் நின்றுவிட்டது. யாரோ போய்ச் சொல்லி, கருத்தப்பாண்டியின் சம்சாரம் ஒச்சம்மாள் வந்தாள். வெகுநேரம் பார்த்தாள். "இவன எங்க பாத்தீக?" என்று கேட்டாள். "மடையில" என்றேன். அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

பொழுது சாய நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். என் வலது கையை அம்மியில் வைத்துக் குழவியால் நசுக்கினார்கள். "இனி எழுதுலே" என்றான் ஒருவன். ஜெயக்கொடி உலக்கையால் அவன் மண்டையைப் பிளந்துவிட்டாள். (இதை எழுதாதே என்கிறார், அண்ணே. நான் எழுதுவேன்.) போகிற வழியில் கோவிலில் புகுந்து படுதாவைக் கிழித்திருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். காளிராஜ் என்று பேரைச் சொல்லிவிட்டேன்.

மச்சான், கண்ணை மூடினால் படம் படமாக வருகிறது. சிவப்பு குமட்டவில்லை. கைதான் இல்லை.

யாக்கோபு

மதுரை
12-4-1946

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வழக்கு செஷன்ஸுக்குப் போய்விட்டது. உத்தரவு நகல் என் மேசையில் இருக்கிறது. ஜாமீன் ரத்தாகிக் காளிராஜ் சிறையில் இருக்கிறான். உங்கள் பெயர் போடாமல் செய்தி எழுதினேன். 'படுதாவை எழுதியதற்கு நான் பொறுப்பல்ல' என்று இந்தக் கடிதத்தில் ஒரு வரி எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

வந்த நாலு பேரில் மூன்று பேர் பிடிபட்டார்கள். நாலாவது ஆளை வீரசோழன் ஊர்ப் பக்கம் பார்த்ததாகச் சொல்கிறார்கள், உறுதியில்லை. அதுவரை தங்கச்சியைத் தனியாக வெளியே விடாதீர்கள். செஷன்ஸ் விசாரணை ஜூன் 17இல் ஆரம்பம். முதல் சாட்சி நீங்கள்.

மே 6ஆம் தேதி கைக்கட்டை அவிழ்க்கிறார்கள் என்று தங்கச்சி எழுதியிருக்கிறாள். விரல்கள் மடங்குமா என்பதை அன்றுதான் சொல்ல முடியும் என்றாராம் டாக்டர். முந்தின நாளே பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

அமிர்தராஜ்