மாடசாமியின் மகுடம்

பிரமாதி வருஷம், ஆடி முதல் வெள்ளி. தென்காசி.

இலத்தூர் சுடலை கோயில் கொடை விழாவுக்கு மகுடப் பறை அடிக்க மாடசாமியும் நானும் போனோம். குற்றாலத்துச் சாரல் அங்கேயும் அடித்ததால் இரண்டு பறையிலும் தோல் தளர்ந்துவிட்டது. வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினோம். அவ்வப்போது விரலால் தட்டிப் பார்த்து, சத்தம் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். என்னுடையது ஏறிவிட்டது. அவனுடையதும் கணீரென்றது. ஆனால் அவன் எடுக்கவில்லை.

"போதும்லே, தோலைச் சுட்டுத் திங்கப் போறியா?" என்றேன்.

அவன் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஏறலையே" என்று தனக்குத்தானே சொன்னான்.

வம்புக்குச் செய்கிறான் என்று நினைத்தேன். முதுகுக்குப் பின்னால் நின்று, "செவிட்டு மூதி, ஒம் பொண்டாட்டி ஒங்கூட எப்படித்தான் காலந்தள்ளுதாளோ?" என்றேன். வேறு நாளாக இருந்தால் கொள்ளிக்கட்டையோடு துரத்தியிருப்பான். இன்று திரும்பவே இல்லை.

தோல் படாரென்று வெடித்தது. கோயிலில் இருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். பிளந்த தோல் சுருளுவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் அவன் பறையைத் தீயிலிருந்து இழுத்தான்.

நான் ஒருத்தனாகவே அடித்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து என் பறையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டான்.

"கொஞ்சம் பலமா அடிலே. சாரல்ல ஒந்தோலும் எறங்கிட்டு" என்றான்.

சாரல் எப்போதோ விட்டிருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு, ஓங்கி ஓங்கி அடித்தேன். இப்போது கை வீங்கிப் பேனா நழுவுகிறது.

இனி அவனை வைய வேண்டுமென்றால் முகத்துக்கு நேராக நின்றுதான் வைய வேண்டும். முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு வைய வராது.