ஆதம் எழுந்திருக்கவே இல்லை

ஐந்தருவி ரோடு,
குற்றாலம்.
23-7-2025

அன்பு மகன் ஜோயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் மருமகளும் பாப்பாவும் அந்தக் குளிர் தேசத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். தினம் போனில் பேசுகிறவள் இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். முப்பத்தொன்பது வருஷமாகப் பாதியில் நிறுத்தியே பழகிவிட்டேன். அதனால் எழுதி கூரியரில் அனுப்புகிறேன், தனியாக உட்கார்ந்து கடைசிவரை வாசி.

இந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்திருக்கிறது. அருவிக்கு வருகிற கார்கள் நம் கேட்டை மறித்து நின்றுவிடுகின்றன, கடைக்குப் போய் ஒரு கட்டு கீரை வாங்கிவருவதே பெரும்பாடு. துணி காயவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பாப்பாவுக்கு இருமல் விட்டதா? நெஞ்சில் தைலம் தேய்த்தால் போதும், சும்மா சும்மா மருந்து ஊற்றாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் மஸ்கட்டில் நர்ஸாக இருந்துவிட்டு 1986-ல் கல்யாணத்துக்காக ஊர் திரும்பியபோது நான் வந்த விமானத்தைக் கடத்தினார்கள் என்று உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன். கடத்தியவன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை என்பதும் உனக்குத் தெரியும். ஆட்டக்காரர்கள் கூடி விளையாட்டைப் பேசுகிற மாதிரி அந்தக் கேஸைப் பேசுவதற்கென்று இன்டர்நெட்டில் ஒரு குழு இருப்பதைப் போன வருஷம் நீ கண்டுபிடித்தாய், என் அம்மாவே அதில் வந்தவர்தான் என்று பெருமையாக எழுதினாய், அப்பாவையும் அதில் சேர்த்துவிட்டாய். கரண்ட் ஆபீஸில் ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மா இருந்த மனுஷனுக்கு அது சாப்பாடு தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. சனிக்கிழமை தோறும் நம் சாப்பாட்டு மேசையில் நாலு பேர் கூடினார்கள். அப்பா, தபால் ஆபீஸில் போஸ்ட்மாஸ்டராக இருந்த காந்திமதிநாதன் அண்ணாச்சி, செங்கோட்டையில் டிக்கெட் போடுகிற கடை வைத்திருக்கும் கிதிர் முகம்மது, அப்புறம் ஜவுளிக்கடை மேனேஜர் புவனேஷ், அவர்தான் வீடியோ சேனல் நடத்துகிறவர். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய போலீஸ் காகிதங்களை மேசை முழுக்கப் பரப்பிவைத்துப் பேசுவார்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். என் வீட்டில் நான் எங்கே போய் நின்றாலும் அந்தப் பேச்சு காதில் விழும், மழையில் வெளியேயும் போக முடியாது.

அன்று நடந்ததை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. கடத்தியவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை, அவன் எங்களோடு எங்களாகத்தான் உட்கார்ந்திருந்தான். வானத்தில் இருக்கும்போதே கழிப்பறைக் கண்ணாடியில் இங்கிலீஷில் பெரிய எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பையில் குண்டு இருக்கிறது, திருவனந்தபுரத்தில் இறங்கக்கூடாது என்று. வேறொரு சின்ன விமான நிலையத்தில் இறக்கினார்கள். ஜெயிலில் இருக்கிற யாரையோ விடவேண்டும் என்று நண்பகலில் இரண்டாவது சீட்டு, கெடு வைத்து மூன்று மணிவாக்கில் மூன்றாவது. மொத்தம் ஒன்பது மணிநேரம். ஏ.சி. நின்றுவிட்டது, கதவைத் திறக்கவில்லை, ஜன்னல்களை மூடச் சொல்லிவிட்டார்கள், குழந்தைகள் கத்திக் கத்தி ஓய்ந்துபோயின. பக்கத்தில் இருப்பவன்தானோ, முன்னால் இருப்பவன்தானோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்து உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் ராணுவத்தார் ஏறி எல்லாரையும் இறக்கினார்கள். குண்டும் இல்லை, கடத்தியவனும் அகப்படவில்லை.

நான் பதினொன்றாம் வரிசையில் வழிப்பக்கம் இருந்தேன். அது இரண்டு பேர் இருக்கை. ஜன்னலோரம் செங்கோட்டைக்காரர் ஆதம், முப்பது வயதிருக்கும், நீலச் சட்டை. இறங்கும்போது கொடுக்க வேண்டிய கார்டை அவருக்கு எழுதத் தெரியவில்லை, பாஸ்போர்ட்டை நீட்டினார், நான்தான் எழுதிக் கொடுத்தேன். முதல் சீட்டு விஷயம் தெரிந்ததும் அவர் கையை எட்டிப் பிடித்தேன். விட என்னால் முடியவில்லை ஜோயல். "பயப்படாத தங்கச்சி, எனக்கும் ஒன்னய மாதிரி ஒரு தங்கச்சி ஊர்ல இருக்கா"ன்னு சொன்னார். நான் பைபிள் சங்கீதம் சொல்ல, அவர் குர்ஆன் ஓத, ஒன்பது மணிநேரமும் அந்தக் கையை நான் விடவில்லை. தனக்குக் கொடுத்த தண்ணீரில் பாதியை எனக்கு வைத்தார். என்னைத் தாண்டாமல் அவர் எழுந்து போக வழியே கிடையாது. அவர் எழுந்திருக்கவே இல்லை.

மூன்றாவது சீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பதினொன்றாம் வரிசைப் பக்கமிருந்து ஒரு நீலச் சட்டைக்காரர் கழிப்பறைக்குப் போனார் என்று ஏர்ஹோஸ்டஸ் பெண் சொல்லிவிட்டாள். நீலச் சட்டை இன்னும் இரண்டு பேர் போட்டிருந்தார்கள். ஆனாலும் ஆதமைப் பிடித்தார்கள். நாலாம் நாள் என்னை விசாரிக்க போலீஸ் வீட்டுக்கு வந்தது. அவர்கள் ஜீப்பை விட்டு இறங்குவதற்குள் என் அப்பா, உன் தாத்தா, என்னை உள்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய், "கூட இருந்தவனப் பத்திக் கேட்டா தூங்கிட்டேன்னு சொல்லு. கையப் புடிச்சேன் காலப் புடிச்சேன்னு வாய் தவறி வந்துச்சுன்னா கல்யாணம் நின்னுரும். இருவது நாள்தான் இருக்கு"ன்னு சொன்னார். அம்மா கதவில் சாய்ந்து அழுதாள். நான் தூங்கிவிட்டேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். இருபதாம் நாள் கல்யாணம் நடந்தது. ஆதமை நாலு மாதம் வைத்திருந்து, சாட்சி இல்லை என்று விட்டார்கள். பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரவில்லை. மஸ்கட் வேலை போயிற்று. பிறகு கடைசிவரை லுங்கி மூட்டையைச் சுமந்து விற்றுத்தான் பிழைத்தார்.

ஒரே ஒரு தடவை அவரை மறுபடி பார்த்தேன். நீ கைக்குழந்தை. செங்கோட்டை ஸ்டேஷனில் கொல்லம் வண்டி ஏறி உட்கார்ந்தோம், எதிரில் மூட்டையோடு அவர். பேப்பரில் அவர் படத்தைப் பார்த்திருந்த உன் அப்பா என் காதருகில், "ஏட்டி எந்திரி, இவன்தான் அந்தப் பிளேன் கடத்துனவன், அடுத்த பொட்டிக்குப் போயிருவோம்"னு சொன்னார், ஆதம் காதிலும் விழுந்திருக்கும். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு அப்பா பின்னாலேயே போனேன். ஆதம் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்காகத்தான் அப்படிச் செய்தார் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் இறந்துபோனார். சரி, அவரோடு எல்லாம் அடங்கிவிட்டது என்று என் கோழை மனசு ஆறுதல் பட்டுக்கொண்டது. அப்போதுதான் இந்தக் குழு வந்தது. "என் அம்மா தூங்கிவிட்டதாக வாக்குமூலம் இருக்கிறது, ஆகவே ஜன்னலோரத்து ஆள் அவரைத் தாண்டிப் போயிருக்க முடியும்" என்று நீ எழுதியதை அப்பா எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். எத்தனையோ பேர் உன்னைப் பாராட்டியிருந்தார்கள். உன்மேல் தப்பில்லை, நான் கொடுத்த பொய்யை வைத்து நீ ஒழுங்காகத்தான் யோசித்திருக்கிறாய். அதற்கப்புறம் ஆதமின் மகள் ஹஃப்சாவுக்குப் போன் போட்டு ஆட்கள் தொல்லை கொடுத்தார்கள். அவள் வீட்டில் டியூஷன் எடுக்கிறவள், பிள்ளைகளை அனுப்புவதைப் பெற்றவர்கள் நிறுத்தத் தொடங்கினார்கள். கிதிர் முகம்மது இதைச் சொல்லி வருத்தப்பட்டபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அழுததை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை, நல்ல மழை. மறுநாள் ஆதம்தான் என்று முடிவாக வீடியோ போடப்போவதாகப் புவனேஷ் சொன்னார், ஹஃப்சா வீட்டு வாசலைக்கூடப் படம் எடுத்து வைத்திருந்தார். காந்திமதிநாதன் அண்ணாச்சி கழிப்பறைச் சீட்டின் நகலையும் ஆதமின் கார்டு நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இங்கன பாருங்க, ரெண்டுலயும் அந்த R-ஐப் பாருங்க, காலை ஒரே மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. நாப்பது வருசம் மணியார்டர் பாரத்துல எழுத்துப் பாத்த கண்ணு இது"ன்னார். கிதிர் முகம்மது விடவில்லை. "அண்ணாச்சி, அந்த மனுசன் இங்கிலீசு எழுதி நான் பாத்ததே கெடையாது. எங்கடைக்கு வந்தா பாரத்த நாந்தான் நெரப்பிக் குடுப்பேன்"னு சொன்னார். "தெரியாத மாதிரி நடிச்சிருக்கலாம்லா?"ன்னு புவனேஷ் கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே அடுப்படியைப் பார்த்து, "சாட்சியே உள்ள பஜ்ஜி போட்டுக்கிட்டு நிக்கா, கேட்ருவோம். ஏட்டி சுகிர்தம், நீ நல்லாத் தூங்குனதான?"ன்னு சத்தம் கொடுத்தார்.

அடுப்பை அணைத்துவிட்டுப் போய் மேசைப் பக்கத்தில் நின்றேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "நான் தூங்கல. ஒன்பது மணிநேரமும் முழிச்சிருந்தேன். அவர் கையப் புடிச்சிக்கிட்டு இருந்தேன். அவர் எந்திரிக்கவே இல்ல. இந்தக் கார்டு அவர் எழுதினதும் இல்ல, நான் எழுதினது"ன்னு சொன்னேன். எத்தனையோ தடவை குளிக்கும்போதும் பாத்திரம் விளக்கும்போதும் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள்தான், சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அண்ணாச்சிதான் அந்த இரண்டு காகிதத்தையும் மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக, "அப்போ இந்த R ஒங்களுதா மைனி?"ன்னு கேட்டார். அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பயந்துதானே இத்தனை மாதமும் வாயைக் கட்டியிருந்தேன். "கார்டுல இருக்கது என்னோடது அண்ணாச்சி. சீட்டு நான் எழுதல. ஆஸ்பத்திரியில நாங்க எல்லாரும் அப்படிப் பெரிய எழுத்துலதான் எழுதுவோம், ஒன்னு போலத்தான் இருக்கும். அத வச்சு அவரப் புடிப்பீங்கன்னா இப்போ என்னையத்தான் புடிக்கணும்"னு சொன்னேன். புவனேஷ் போனை எடுத்து, இதை அப்படியே ஒருதரம் கேமராவில் சொல்ல முடியுமா என்று கேட்டார். கிதிர் முகம்மது எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு குடைகூட எடுக்காமல் போய்விட்டார். நான் கேமராவில் சொன்னேன்.

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கையைப் பிடித்ததற்காக என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "அன்னைக்கு ரயில்ல அந்த மனுசன் காதுல விழற மாதிரி சொன்னேனே, நீ பேசாம எம்பின்னால வந்தியே"ன்னு மட்டும் சொல்லிவிட்டு, பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

அதற்கு முந்தைய நாள் திங்கட்கிழமை தனியாகப் பஸ் ஏறி ஹஃப்சா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலிலேயே நிற்கவைத்துத்தான் கேட்டாள். எல்லாம் சொன்னேன், தாத்தா சொல்லிக்கொடுத்ததையும் மறைக்கவில்லை. பிறகு, "வாப்பாகிட்ட நாங்க எத்தனையோ மட்டம் கேட்டிருக்கோம், பக்கத்துல ஒரு பொண்ணு இருந்திச்சே, அது ஏன் வாப்பா ஒங்களுக்காவச் சொல்லலன்னு. அது பாவம் தூங்கிட்டும்மா, அதுக்கு என்ன தெரியும்னுதான் கடைசி வரைக்கும் சொன்னாங்க. எங்ககிட்டயுமா ஒங்களுக்காவப் பொய் சொன்னாங்க?"ன்னு கேட்டாள். அவள் என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்டேன். "மன்னிக்கது எனக்கு இப்ப வராது, வந்தா சொல்லுதேன். சொன்னத எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க"ன்னாள். வியாழக்கிழமை இரண்டு பேரும் தென்காசியில் ஒரு வக்கீலிடம் போனோம், முத்திரைத்தாளில் எழுதி அவள் கையில் கொடுத்தேன். திரும்பும்போது பஸ்ஸில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள், நான் பின் சீட்டில்.

ஆதம் பற்றிய வீடியோவைப் புவனேஷ் போடவில்லை. பதிலாக இந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பற்றிப் போட்டுவிட்டார். முப்பத்தொன்பது வருஷம் பொய் சொன்ன நர்ஸ், கையெழுத்து ஒத்துப்போகிறது, எதை மறைக்கிறார் என்று. நீயும் பார்த்திருப்பாய், அதனால்தான் இரண்டு நாளாக ஓயாமல் போன் அடிக்கிறாய், நான்தான் எடுக்கவில்லை. அருவிக்கு வருகிறவர்கள் காரை நிறுத்தி நம் கேட்டைப் படம் எடுக்கிறார்கள். முன் ஜன்னலைப் பகலிலும் சாத்தியே வைத்திருக்கிறோம். நேற்று கோயிலில் ஜெபக்கூட்டத்துக்குப் போனேன், என் பக்கத்தில் பெஞ்சில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். மூச்சு முட்டத்தான் செய்கிறது, இல்லையென்று உன்னிடம் சொல்லமாட்டேன். ஆனால் இந்த வாரம் ஹஃப்சா வீட்டுக்கு நாலு பிள்ளைகள் மறுபடி டியூஷனுக்கு வந்ததாகக் கிதிர் முகம்மது அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்காகக் கோபப்பட்டு அந்தக் குழுவில் யாரோடும் சண்டைக்குப் போகாதே. என் அம்மா நல்லவள் என்று ஒரு வரிகூட எழுதாதே. ஆதமைப் பற்றி நீ எழுதியது தப்பு என்று உன் சொந்தப் பெயரில் எழுது, அது போதும். ராத்திரி நேரத்தோடு படு, மருமகளை வேலைக்கும் வீட்டுக்குமாக ஒற்றையாய் அல்லாடவிடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, பாப்பாவின் தலையில் என் கையை வைத்ததாக நினைத்து ஒரு முத்தம் கொடு.

மறந்துவிடாதே, ஹஃப்சாவின் நம்பரைக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நம் ஊர் நேரம் ஏழு மணிக்குமேல் டியூஷன் முடிந்து எடுப்பாள், அவளிடம் கேட்டுத்தான் வாங்கினேன். என் மகன் என்று ஆரம்பிக்காதே. முதலில் உன் பெயரைச் சொல், பிறகு நீ எழுதியதைச் சொல், அவள் என்ன சொன்னாலும் போனை வைக்காமல் கேள்.

உன் அம்மா,
சுகிர்தம் ஏசுதாசன்