கட்டில் கம்பியை இறக்க ஒரு வார்த்தை

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் அப்பாவின் கால்களைப் பறித்தது நோய் இல்லை, நாம்தான். நீங்களும், இந்த மருத்துவமனையும், படிப்பு முடித்து முதியோர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நானும்.

போனில் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். மதிய இடைவேளையில் கூப்பிடுகிறீர்கள். பின்னால் இயந்திரச் சத்தம். "அப்பா விழலையே?" என்கிறீர்கள். "இல்லை" என்றதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். நுரையீரலில் இருந்த சளி போய்விட்டது. காய்ச்சல் இல்லை. சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே தட்டைக் காலி செய்கிறார். புத்தியில் ஒரு குறையும் கிடையாது. நினைவைச் சோதிக்க இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன். "ஏம்மா, டாக்டருக்குப் படிச்சிருக்கே, ஒரு காலண்டர் வாங்கக்கூடாதா?" என்றார். வார்டில் அவருக்கு 'லிஃப்ட் தாத்தா' என்று பெயர். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்த்தவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி என்று, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

அவர் இங்கே நடந்துதான் வந்தார். சேர்ந்த மறுநாள் கழிப்பறை ஈரத்தில் வழுக்கி முட்டியில் சிராய்ப்பு. எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் வார்டில் இருந்த நர்ஸுக்கு மெமோ கொடுத்தார்கள். நீங்கள் போனில், "இன்னொரு தடவை விழுந்தா ஒருத்தரையும் சும்மா விடமாட்டேன்" என்றீர்கள். அன்றே கட்டிலின் இரண்டு பக்கக் கம்பிகளும் ஏறின. சிறுநீருக்குக் குழாய், மற்றதற்கு டயப்பர். 'படுக்கையை விட்டு இறங்கக்கூடாது' என்று கேஸ் ஷீட்டில் எழுதியது என் கை.

கம்பி ஏறியது வார்டுக்கும் வசதிதான், மறைக்கவில்லை. ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு அழைத்துப்போய் வருவதற்குள் பத்து பேருக்கு டயப்பர் மாற்றிவிடலாம். மொத்த வார்டுக்கும் இருப்பது இரண்டே உதவியாளர்கள். இங்கே ஒருவர் விழுந்தால் விசாரணை உண்டு. படுத்த இடத்திலேயே ஒருவரின் தொடை வற்றிப்போனால் யாரும் யாரையும் கேட்பதில்லை. "வயசாச்சு இல்ல" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவருடைய தசை கரைந்தது வயதால் இல்லை. எழுந்து நிற்க விடாததால்.

நேற்று, இரண்டு வாரம் கழித்து, நானும் பிசியோதெரபிஸ்ட்டும் கம்பியை இறக்கி அவரை நிற்க வைத்தோம். கால் இரண்டும் கிடுகிடுவென்று ஆடின. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாத்துப் பிடிம்மா, ஓவர்லோடு" என்றார். அப்புறம் குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது யார் காலு?" என்று கேட்டார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

தலைமை மருத்துவர் என்னை அறைக்குக் கூப்பிட்டு வறுத்தெடுத்தார். மகன் எழுதிக் கொடுக்காமல் இனி கம்பி இறங்கக்கூடாதாம். அவர் கால்தானே சார், அவரையே கேட்கலாமே என்றேன். "கேஸ் போடப்போறது கால் இல்லம்மா, மகன்" என்றார்.

யாரும் கேட்காததால் நானே அவரிடம் கேட்டேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று. "மூணாவது மாடி" என்றார்.

தரைத்தளத்தில் இருக்கும் முதியோர் இல்லத்தில் நீங்கள் இடம் பிடித்திருப்பது அவருக்குத் தெரியும். படி ஏற முடியாதவரை வேறெங்கே வைப்பது என்று நீங்கள் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் உங்கள் அம்மாவும் முட்டிவலியோடு அந்த மாடியை விட்டு இறங்குவதில்லை. சாயங்காலம் என் போனில் இருவரையும் பேச வைக்கிறேன். "எப்ப வரீங்க?" என்கிறார் அம்மா. "கரண்டு வரட்டும், உடனே மேல வந்துடறேன்" என்கிறார் இவர், பாதியில் நின்ற லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் மாதிரி. நேற்று அம்மா என்னிடம், "எப்படியாவது மேல ஏத்தி விட்ரும்மா. விழுந்தா நான் பாத்துக்கறேன். ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்துட்டா திட்டறதுக்கும் ஆள் இருக்காது" என்றார்.

உங்களுக்குப் பாசம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. வேலையை விட்டு வர முடியாத தூரத்தில் இருந்துகொண்டு, போன் அடித்தாலே என்ன சேதியோ என்று எடுக்கும் நிலை எனக்கும் தெரியும். என் அப்பாவும் தூரத்தில்தான் இருக்கிறார். உங்கள் அப்பா விழவே மாட்டார் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. நடக்கிறவர் யாரும் விழலாம். பக்கத்தில் ஆள் நிற்கும், அதற்கு நான் பொறுப்பு. 'என் அப்பா நடக்கலாம்' என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். போதும்.

இப்படிக்கு,
உங்கள் அப்பா 'சின்ன டாக்டர்' என்று கூப்பிடுகிறவள்

*

ஐயா,

கடிதம் கிடைத்திருக்கும். தபாலுக்கு நேரமில்லை, இதை உங்கள் போனுக்கே அனுப்புகிறேன். உங்கள் போன் தினமும் வருகிறது. விழலையே என்கிறீர்கள், இல்லை என்கிறோம். கடிதத்தைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

அவருக்கு இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறது. படுக்கைப் புண் இப்படித்தான் தொடங்கும். கிழமை கேட்டால், "எதுவா இருந்தா என்னம்மா" என்கிறார். அம்மா போனில் எப்ப வரீங்க என்று கேட்டால் போனை என்னிடம் நீட்டுகிறார். அந்த இடத்தில் என்ன சொல்வது என்று எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

திங்கட்கிழமை இல்லத்திலிருந்து வண்டி வருகிறது. இப்படியே ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டால் அவர் இனி அந்த மாடியைப் பார்க்கப் போவதில்லை. நாளைக்கே தொடங்கினால், போவதைத் தள்ளிவைத்து, மெதுவாக ஒவ்வொரு படியாக ஏற்றிப் பார்க்க வழி இருக்கிறது.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். கடைசிவரை உங்கள் கால் உங்கள் பேச்சைக் கேட்க வேண்டும்.

நாளை மதியம் போனை நான்தான் எடுப்பேன். அவர் கட்டில் பக்கத்தில், கம்பியில் ஒரு கை வைத்துக்கொண்டு நிற்பேன். விழுந்தாரா என்று கேட்காதீர்கள். நடக்கட்டும் என்று சொல்லுங்கள்.