குட்டி என்றால் குட்டிதான்

நவம்பர் 11

ஏரிப் பக்கம் பனி இறங்கி, படகு ஒன்றும் ஓடவில்லை. ரிசார்ட்டில் தங்கியிருக்கும் பிள்ளைகள் எல்லாம் என் விளையாட்டு அறையில்தான். டெல்லிக்காரப் பாப்பா ஆன்யாவுக்கு மூன்று வயசு இருக்கும். முந்தானையை விடவே மாட்டேன் என்கிறாள். "வாடி குட்டி" என்று தோளில் போட்டுத் தட்டினேன், தூங்கிவிட்டாள்.

நவம்பர் 12

வயிறு எரிகிறது! நான் கூப்பிட்டதை அந்தப் பாப்பாவின் அம்மா கேட்டிருக்கிறாள். மேனேஜர் அறையில் போய்க் கத்தியிருக்கிறாள் — உங்கள் ஆயா என் பிள்ளையை நாய் என்று திட்டினாள் என்று. நானா? நாய் என்றா?

புனேயில் வேலை பார்த்த ரூம்பாய் நாகராஜ்தான் விளக்கினான். "அக்கா, அவங்க இந்தி பாஷையில குத்தின்னா பொட்டை நாய். பொம்பளையாளுகள அசிங்கமாத் திட்டுற வார்த்தை."

நான் சொன்னது ட்டி. அவள் காதில் விழுந்தது த்தி. ட வேறு, த வேறு என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியுமே! யானைக்குட்டியும் குட்டி, நான் பெற்ற தாரணியும் குட்டி. திட்டுகிறவள் தோளில் போட்டுத் தட்டுவாளா? நல்லதுக்குக் காலமில்லை.

மேனேஜர் கந்தவேல் சார், "ஒரு சாரி சொல்லிருங்க சண்முகவள்ளி, சோலி முடிஞ்சுச்சு" என்கிறார்.

"கொஞ்சுனதுக்கு எதுக்கு சார் சாரி?" என்றேன்.

அதற்குள் அவர் போன் அடித்தது. "சொல்லுடா குட்டி, அப்பா வெரசா வந்துர்றேன்" என்றார். நான் பார்த்த பார்வையில் மனுஷர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நவம்பர் 13

சாரி சொல்லவில்லை. மேனேஜர் என்னை லாண்ட்ரிக்குத் தூக்கிப் போட்டுவிட்டார். சொல்கிறவரைக்கும் அங்கேதானாம்.

நவம்பர் 14

காலையில் தாரணியை எழுப்பப் போனால், "குட்..." என்று வந்த வாய் அப்படியே நிற்கிறது. "தாரணி, எந்திரி" என்றேன். பள்ளிக்கூடம் கிளம்பும்போது கேட்கிறாள்: "ஏம்மா பேர் சொல்லிக் கூப்பிடுற? எம்மேல கோவமா?"

என் வீட்டுக்குள்ளேயே வந்து என் வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு போக அந்த டெல்லிக்காரி யார்?

நவம்பர் 15

போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். ஆன்யா ஓடி வந்தாள், தோளில் கரடி பொம்மை. அதன் முதுகைத் தட்டித் தட்டி, "குட்டி, குட்டி" என்கிறாள் — ட சுத்தமாக! பின்னாலேயே அவள் அம்மா, கூட நாகராஜ்.

"ரெண்டு நாளா பொம்மைய இப்பிடித்தான் தூங்க வைக்குதாம். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேக்குறாங்கக்கா."

"அந்தப் பிள்ள கையப் பாக்கச் சொல்லு" என்றேன்.

பார்த்தாள். பொம்மையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். மேனேஜரிடம் என்ன சொன்னாளோ, நாளையிலிருந்து விளையாட்டு அறைக்கே வரச் சொல்லிவிட்டார். கூடவே ஓர் உபதேசம்: "இனிமே பேபின்னே கூப்பிடுங்க." என்னிடம் ஒருத்தரும் சாரி சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டேன். "ஏ குட்டி, சாப்பிட வா!"

"கோவம் போயிருச்சாம்மா?"

"போகல. நீ வா குட்டி."