ஷெட் 5 என்று எழுதிய சுவர்

மச்சான்,

நம் பண்ணையில் இருந்த செல்வி இன்று காலை புது வீட்டில் பால் காய்ச்சினாள். பொங்கி வழிந்து அடுப்பில் தீய்ந்த பாலின் மணம் வந்ததுமே எனக்கு உங்கள் ஞாபகம்தான். அரசாங்கம் கட்டிய அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் நாமக்கல் மலைக்கோட்டை தெரிகிறது. நீங்கள் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

நான்கு கோழி ஷெட்டுகளுக்குப் பின்னால் வேலையாட்களுக்கு அறைகள் கட்டினோமே, அப்போது நான் செய்த கோளாறு ஒன்று உண்டு. வரிசை எண் தவறக்கூடாதென்று பெயின்டரிடம் சொல்லி, சுவரில் 'ஷெட் 5' என்று கொட்டை எழுத்தில் எழுதவைத்தேன். நீங்கள் பார்த்தீர்கள். வண்டியை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு வந்தீர்கள். "ஏன் மாப்ள, இதுக்குள்ள நீங்க குடியிருப்பீங்களா? ஷெட்டு கோழிக்கு. இது ஊடு" என்று உப்புத்தாளை வாங்கி நீங்களே தேய்த்தீர்கள். எனக்குச் சுருக்கென்றது. பெயின்டர் எதிரிலா அப்படிச் சொல்வது?

பண்ணைக்காரர்கள் கூட்டத்திலும் இதே பிடிவாதம். "ஆளுங்களுக்கு ஊடு கட்டறது கவர்மென்ட் வேலைங்க" என்று ஒருவர் சொல்ல, "முட்டை நமக்கு, ஊடு மட்டும் கவர்மென்டுக்குங்களா?" என்று கேட்டு எல்லோர் வாயையும் அடைத்தீர்கள். அதற்காக அரசாங்கத்தை விட்டீர்களா? அதுதான் இல்லை. திங்கட்கிழமை தவறாமல் மனுவோடு கலெக்டர் ஆபீஸில் நின்றவரும் நீங்கள்தான். "நெலையான ஊடு அவங்கதான் குடுக்கோணும். அது வர்ற வரைக்கும் நம்ம பொறுப்பு மாப்ள" என்பீர்கள்.

செல்வியின் புருஷன் செத்ததும் அந்தப் பேச்சுக்குச் சோதனை வந்தது. அவள் நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். பண்ணையில் வேலை செய்யாதவளுக்குப் பண்ணை அறை எதற்கு, புது ஆள் வருகிறான், காலி செய்யட்டும் என்றேன். நான்தான் சொன்னேன், மறைக்கவில்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவைத்துவிட்டு, போக்கிடம் தெரியாமல் அவள் மகளோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் வந்து சாக்கை அவிழ்த்தீர்கள். "கவர்மென்ட் ஊடு கெடைக்கற வரைக்கும் இங்கயே இரு சாமி" என்றீர்கள். புது ஆளுக்கு உங்கள் ஆபீஸ் ரூமைக் கொடுத்துவிட்டு, கடைசிவரை தீவன மூட்டைமேல் உட்கார்ந்தே முட்டை வியாபாரம் பேசினீர்கள். எப்பேர்ப்பட்ட மனுஷன் மச்சான் நீங்கள்! இதை உங்கள் முகத்துக்கு நேரே ஒருநாளும் நான் சொல்லவில்லை.

இன்று செல்வி அந்த அறைச் சாவியை என்னிடம் நீட்டினாள். "அண்ணன் இருந்திருந்தா அவிய கையிலதானுங்க குடுத்திருப்பேன்" என்று அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

மதியம் பண்ணைக்கு வந்தேன். "அந்த ரூம் காலிதானுங்களே, தீவனம் அடுக்கிக்கலாமுங்களா?" என்று மேனேஜர் கேட்டார். சுவரைப் பார்த்தேன். நீங்கள் தேய்த்த இடத்தில் என் எழுத்து இன்னும் லேசாகத் தெரிகிறது. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அது ஊடுங்க" என்றேன்.