நடுவில் இருந்த பெட்டி

மார்ச் 3, திங்கள்

காலையில் மைத்துனர் வந்து ஒரு பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். ஃபஸ் பெடல். எலக்ட்ரிக் கிட்டாருக்கும் ஆம்ப் என்னும் ஒலிபெருக்கிக்கும் இடையில் இணைத்துக் காலால் மிதித்தால், சுத்தமான ஒலி தடித்துக் கரகரவென்று வரும். அறுபது வருடத்துக்கு முந்தைய பாணி. உள்ளே இரண்டே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். செய்தவர் ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருக்கிறாராம். இது மாதிரிக்கு; இதைத் தவிர இருபது பெட்டி கடைக்கு வந்தாயிற்று.

"நீங்க சரின்னா இருபதையும் கடையில வைக்கிறேன் அத்தான். இல்லேன்னா திருப்பி அனுப்பிடுறேன். எனக்குத்தான் காது கிடையாதே."

கிட்டார் கடை வைத்திருப்பவருக்குக் காது கிடையாது. எழுபத்தொரு வயதில் வீட்டுக்குள் கிட்டார் வாசிப்பவனுக்கு மட்டும் இருக்கிறதா? மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. முப்பத்திரண்டு வருடம் அளவைக் கருவிகளைச் சரிபார்த்தவன். கருவியைப் பற்றி எழுதப் பயமில்லை. ஒருவருடைய பிழைப்பைப் பற்றி எழுதுவது வேறு.

மார்ச் 4, செவ்வாய்

முறைப்படி ஆரம்பித்தேன். என்னிடம் உள்ள வேறு இரண்டு பெடல்களோடு ஒப்பிட வேண்டும். ஒயரைப் பிடுங்கிச் சொருகுவதற்குள் காது முந்தைய ஒலியை மறந்துவிடும். அதற்கென்றே நான் செய்து வைத்திருக்கும் சுவிட்ச் பெட்டி இருக்கிறது. கிட்டார் ஒயர் அதற்குள் போகும். சுவிட்சைத் திருப்பினால் மூன்றில் எந்தப் பெடல் வேண்டுமோ அதற்குப் போகும். வழியில் சிக்னல் பலவீனமாகாமலிருக்க உள்ளே ஒரு சின்ன சர்க்யூட். எட்டு வருடமாக உழைக்கிறது.

பழைய இரண்டும் வழக்கம்போல் ஒலித்தன. புதுப் பெடலை மிதித்தேன். தகர டப்பாவுக்குள் குளவியை அடைத்துக் குலுக்கியதுபோல் இருந்தது. கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் கரகரப்பு அடங்கி ஒலி தெளிய வேண்டும். இந்த வகையின் பெருமையே அதுதான். குறைத்தேன். சத்தம்தான் குறைந்தது. குளவி அப்படியே.

மனைவி வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மார்ச் 6, வியாழன்

பேட்டரி மூன்று மாற்றினேன்: புதியது, பாதி தீர்ந்தது, சாகக் கிடப்பது. பயனில்லை. ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது என்பதால் தெர்மாமீட்டரை அதன்மேல் வைத்து மணிக்கொருமுறை குறித்தேன்.

"அதுக்குக் காய்ச்சலாங்க?" என்றாள் மனைவி.

"சூடு ஏறினா ஒலி மாறும்."

"எனக்குத் தலைவலின்னா ஒரு நாளாவது இப்படித் தொட்டுப் பாத்திருக்கீங்களா?"

கதவு சாத்தப்பட்டது.

மார்ச் 8, சனி

காதா, பெட்டியா? காதா, பெட்டியா?

மார்ச் 10, திங்கள்

பதினொரு பக்கம் எழுதி அனுப்பினேன். மாலையில் மைத்துனர் போன்.

"சரியா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க. பதினோரு பக்கம் படிச்சு நான் என்ன பரீட்சையா எழுதப் போறேன்?"

"சரியில்ல. ஆனா—"

அதற்குள் வைத்துவிட்டார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

அந்த டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். தோளில் கிட்டார், கையில் என் பதினொரு பக்கம். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, உட்காரச் சொல்லக்கூட மறந்து நின்றேன்.

"படிச்சேன் சார். எதுவும் தப்பில்ல. ஆனா உங்க காதுல விழுந்தது என் பெடல் இல்ல. எப்படி வாசிச்சீங்கன்னு காட்டுறீங்களா?"

காட்டினேன். சுவிட்ச் பெட்டியைப் பார்த்ததும் குனிந்தார்.

"இது என்ன சார்?"

"நான் செஞ்சது. நியாயமா ஒப்பிடறதுக்கு."

"உள்ள சர்க்யூட் இருக்கா?"

இருக்கிறது என்றேன். அவர் அதிலிருந்து ஒயரைக் கழற்றிப் பெடலில் நேராகச் சொருகினார். "இப்ப வாசிங்க."

வாசித்தேன். எப்படி எழுதுவது? தடித்த, ஈரமான, அடிவயிற்றிலிருந்து வரும் ஒலி. வால்யூமைக் கொஞ்சம் குறைத்தேன். மழை விட்ட மாதிரி தெளிந்தது.

"கிட்டாரும் இதுவும் நேருக்கு நேர் பேசிக்கணும் சார். நடுவுல ஒருத்தர் நின்னு குரலை உசத்திச் சொன்னா இது கத்த ஆரம்பிச்சிடும்." பிறகு, சிரிக்காமல்: "என்கிட்டப் படிச்ச பிள்ளைங்க யாருமே ஒரு தப்பை இவ்வளவு அழகா எழுதினதில்ல."

இருபது பெட்டியும் நேற்றே திரும்பிவிட்டனவாம். ஹாலில் அடுக்கி வைத்திருக்கிறாராம்.

அவர் போன பிறகு சுவிட்ச் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், வெயிலைச் சந்தேகப்பட்டேன், என் காதைச் சந்தேகப்பட்டேன் — நான் செஞ்ச டப்பாவை மட்டும் ஒரு தடவகூடக் கழட்டிப் பாக்கலையே. முப்பத்திரண்டு வருஷம் என்னத்தச் சரிபாத்தேன்? முதல்ல பாக்க வேண்டியது அதத்தானே?

மார்ச் 15, சனி

கடையை இரண்டு முறை தாண்டிப் போய்விட்டு மூன்றாம் முறை நுழைந்தேன். நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன்.

"இப்ப வந்து சொல்றீங்களே அத்தான். அதை வைக்கிறதா இருந்த இடத்தை வேற கம்பெனிக்குக் கொடுத்தாச்சு."

திரும்பி வந்திருப்பேன். ஆனால் பெடல் என் பையில் இருந்தது. "ஒரு ஆம்ப் போடுங்க" என்று கேட்டது என் குரல்தானா? நாற்பது வருடமாகச் சாத்திய அறையில் மட்டும் வாசித்தவன், முன்பின் தெரியாதவர்கள் எதிரில் வாசித்தேன். இரண்டு இடத்தில் விரல் தவறியது. பெடல் அந்தத் தவறையும் விடாமல் எல்லோருக்கும் சொன்னது. யாரோ ஒருவர் "இது என்ன விலை?" என்று கேட்டார். மைத்துனர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நாலு வைக்கிறேன். போனா பாக்கலாம்."

நாலு. மீதிப் பதினாறும் அந்த ஹாலில் என்னால்தான் கிடக்கின்றன.

மார்ச் 16, ஞாயிறு

சுவிட்ச் பெட்டியைப் பிரித்தேன். வேலைப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

மூன்று போயிற்றாம். இன்னும் ஆறு கேட்டிருக்கிறார் மைத்துனர். பத்து கேட்டால் என்ன?

மே 2, வெள்ளி

கடையிலிருந்து போன். வாங்கியவர் ஒருவர் பெடலைத் திருப்பிக் கொண்டுவந்து நிற்கிறாராம். வீட்டில் ஒரேயடியாகக் கத்துகிறதாம். "பணத்தைத் திருப்பிக் கொடுத்துடவா அத்தான்?"

"போனை அவர்கிட்டக் கொடுங்க" என்றேன்.

முகம் தெரியாத ஒருவர், கோபமாக இருந்தார். கிட்டாருக்கும் பெடலுக்கும் நடுவில் வேறு ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். சுருதி சேர்க்கிற கருவி ஒன்று இருக்கிறதாம். அதைக் கழற்றிவிட்டு நேராகச் சொருகிப் பாருங்கள், பெடலில் குறையில்லை என்றேன்.

"பாக்காமலே எப்படிங்க அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"பதினோரு பக்கம் எழுதியிருக்கேன்" என்றேன். "வேணும்னா அனுப்பி வைக்கிறேன்."