நிரஞ்சலா உபயம்

ஸ்பிரிங்வெளி, கீழ் டிவிசன்
ஆகஸ்ட் 28

அன்புள்ள நிரஞ்சலாவுக்கு,

உன் புருஷன் ஜெயரூபன் எழுதிக்கொள்வது. நானும் மகள் டிலக்சியும் சுகம். ரெங்கம்மா அக்காவுக்கு மட்டும் முழங்கால் வலி. மழை விட்டால் போய்விடும் என்று அவளே வைத்தியமும் சொல்லிக்கொள்கிறாள். நீ அந்தக் குவைத் வெயிலில் எப்படி இருக்கிறாயோ, வேளைக்குச் சாப்பிடுகிறாயோ, அதுதான் இங்கே எங்கள் மூன்று பேருக்கும் கவலை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். வெள்ளிக்கிழமை போனில் நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பிடுங்கிக்கொள்கிறாள், அவளிடமிருந்து அக்கா பிடுங்குகிறாள், அதற்குள் உன் மேடம் கூப்பிட்டுவிடுகிறாள். ஹாலிஎல ஜெசிந்தினி லீவு முடிந்து அடுத்த வாரம் அங்கே திரும்புகிறாள். அவள் கையில் இதையும் அக்கா இடித்த கறித்தூளையும் கொடுத்துவிடுகிறேன். இது மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசக்கூடிய சங்கதியும் இல்லை.

நீ கேட்டது எனக்கு மறக்கவில்லை. கார்த்திகையோடு உன் ஒப்பந்தம் முடிகிறது, மேடம் இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறாள், போடவா வேண்டாமா என்றாய். நான் ‘உன் இஷ்டம்’ என்று சொல்லிவிட்டேன். அது ஒரு பதிலா? வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று, சுவர் பூச்சு, தரை, ஜன்னல் எல்லாம் பாக்கி. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, போடு என்று சொல்லவும் வரவில்லை. டிலக்சிக்கு இந்தக் கையெழுத்து விசயமே தெரியாது. அம்மா தைப்பொங்கலுக்கு வந்துவிடுவாள் என்றுதான் இருக்கிறாள். சரியான பதிலை இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் உன் படச் சங்கத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்!

போன ஞாயிற்றுக்கிழமை உன் உபயம்.

உங்கள் சட்டதிட்டம் இவனுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. வாசலில் நின்று எட்டிப் பார்த்துக் கிண்டல் பண்ணியவன் இப்போது மனப்பாடமாக ஒப்புவிப்பேன், கேள். மாரியம்மன் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டு உபயம் என்று இருப்பதுபோல, மாசம் ஒரு படம், ஒரு வீட்டு உபயம். உபயகாரர்தான் படத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். பிளேன்டீயும் அவித்த கடலையும் அவர் செலவு. படம் புதுசாக இருக்க வேண்டும், போன இரண்டு வருசத்துக்குள் வந்தது. பழைய படம் என்றால் எல்லாரும் வசனத்தை முந்திக்கொண்டு சொல்லுவார்கள், பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது என்று நீதானாமே சொன்னாய். படம் முடிந்ததும் யார் என்ன கேட்டாலும் உபயகாரர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். ஆள் ஊரில் இல்லாவிட்டால் உபயம் தள்ளிப்போகாது. சாமிக்கு அர்ச்சனை பண்ணுவதுபோல அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டு ஆட்கள் நடத்த வேண்டும். எல்லாம் சரிதானே?

நீயும் றோசாலி டீச்சரும் இதைத் தொடங்கும்போது, கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்து படம் பார்த்து என்ன கிழிக்கப் போகிறீர்கள் என்று கேட்ட ஆட்கள் எல்லாம் இன்றைக்கு முன்வரிசையில் பாய் விரித்து உட்காருகிறார்கள். ஆள் வைத்து இடம் பிடிக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்.

படம் தெரிந்தெடுக்கிறது லேசான வேலை என்று நினைத்திருந்தேன். தலைவலிதான் மிச்சம். உன்னைக் கேட்டதற்கு, நீங்களே பார்த்து எடுங்கள் என்றாய், லைன் போய்விட்டது. அதனால் பதுளைக்குப் போய் ஹுமைத் நானாவைக் கேட்டேன். படம் போடும் மெசினை நமக்கு வாடகைக்குத் தருகிறவர், புதுசாக என்ன வந்தாலும் அவருக்குத் தெரியும். அவர் மூன்று படம் சொன்னார். முதலாவது பெரிய நடிகரின் சண்டைப் படம். இளந்தாரிகள் எல்லாரும் அதற்குத்தான் என் காலைச் சுற்றினார்கள். ஆனால் முடிந்த பிறகு யார் யாரை வெட்டினான் என்பதைத் தவிர என்ன பேசுவது? இரண்டாவது பேய்ப் படம். போன மாசம் கந்தப்பன் அண்ணன் உபயத்தில் பேய்ப் படம் போட்டு, அடுத்த ஒரு வாரம் லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குத் தனியாகப் போகவில்லை. உன் பேரில் அந்தப் பாவம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது, பெரிய நடிகர்கள் இல்லாத சின்னப் படம். பேரைச் சொன்னால் நீ அங்கேயே தேடிப் பார்த்துவிடுவாய், சொல்லமாட்டேன். ஒரு பெண் ஸ்கூட்டர் ஓட்டப் பழகுகிறாள். விழுகிறாள், எழும்புகிறாள், ஆட்டுக்குட்டி மேல் ஏற்றப் போகிறாள். தேயிலை ஸ்டோரில் சாப்பாட்டு நேரத்தில் போனில் பார்த்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் டீமேக்கரே வந்து எட்டிப் பார்த்தார். பாதியில் டேட்டா முடிந்துவிட்டது. மிச்சமும் இப்படித்தான் இருக்கும், நிரஞ்சலாவுக்குச் சிரிக்கப் பிடிக்கும், இதுவே போதும் என்று முடிவு பண்ணிவிட்டேன். முழுக்கப் பார்த்தீர்களா என்று றோசாலி டீச்சர் கேட்டபோது, பார்க்காமல் கொண்டுவருவேனா டீச்சர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். என்னைத் தெரியும்தானே உனக்கு.

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலுக்கெல்லாம் கொழுந்து கட்டும் படங்குச் சாக்கைக் கட்டி இருட்டாக்கினோம். நாற்பது பேர் இருக்கும். றோசாலி டீச்சர் முன்னால் போய் நின்று, “இந்த மாசம், குவைத்துல இருக்கிற நம்ம நிரஞ்சலா உபயம்” என்று சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். கடலைச் சட்டியோடு நின்ற நான் அந்தக் கைதட்டலில் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். நீ கட்டிய சங்கத்தில் உன் பேர் கேட்கிறது, நீ இல்லை.

பாதிப் படம் வரைக்கும் ஒரே சிரிப்பு. மிச்சப் பாதியில்தான் என் வண்டவாளம் தெரிந்தது. அந்தப் பெண்ணின் புருஷனுக்கு வேலை போய், அவள் தூரத்து மில்லில் விடுதியில் தங்கி வேலை செய்யப் போகிறாள். அவள் இல்லாத நேரத்தில் மகள் வயதுக்கு வந்துவிடுகிறாள். சடங்குக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளை தண்ணீர் ஊற்றும் இடத்தில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தாய் விடுதியிலிருந்து போன் எடுத்தால், பேசமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சித்திரையில் நம் வீட்டுச் சடங்கில் நடந்தது அப்படியே திரையில் ஓடுகிறது, அதைக் கொண்டுவந்து போட்டவன் நான். நம் மகள் பெண்கள் பக்கம் அக்காவோடு உட்கார்ந்திருந்தாள். இருட்டில் முகம் தெரியவில்லை.

படம் முடிந்து ஜன்னலைத் திறந்தார்கள். பேச்சுத் தொடங்கினால் முதல் ஆள் யார்? நம் தலைவர் வீரய்யாதான். யூனியன் கூட்டத்தில் எழும்புவதுபோலவே எழும்பினார். “என்னதான் கஷ்டம்னாலும், பெத்த புள்ள பெரிய மனுசியாகுறப்ப பக்கத்துல இல்லாதவ என்ன தாய்? படம் எடுத்தவன் அவளப் போயி நல்லவளாக் காட்டுறான். இதத் தெரிஞ்செடுத்தது ஏன்னு உபயகாரர் சொல்லட்டும்” என்றார். அவர் உன்னை மனதில் வைத்துச் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். மனுசன் படத்தைத்தான் பேசினார். ஆனால் நாற்பது பேரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள்.

எழும்பி நின்றேன், நிரஞ்சலா. ஸ்டோரில் மெசின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை இது. ஒரு சொல் வரவில்லை. மண் பிள்ளையார் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். “அம்மா உபயம்னு தானே டீச்சர் பேர் கூப்பிட்டீங்க? அப்பா பேசாட்டி நான் பதில் சொல்லலாம் தானே?”

நம் டிலக்சி! நாலு பேர் வந்தால் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை. றோசாலி டீச்சர் தலையாட்டினாள். அவள் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதுகிறேன்.

“தலைவர் மாமா, எஞ் சடங்குக்கு நீங்களும் வந்தீங்க. எங்கம்மா வரல தான். அன்னைக்கு நான் கட்டியிருந்த சேல எங்கம்மா அனுப்புனது. அத்த மஞ்ச அரைக்கிறப்ப, எவ்வளவு தண்ணி விடணும்னு அம்மா போன்ல சொல்லிக்கிட்டே இருந்தாங்க. காலையில எனக்கு அம்மா இல்லாத மாதிரியே தோணல. அப்புறம் வந்தவங்க எல்லாரும் ‘அம்மா வரலியா, அம்மா வரலியா’ன்னு கேட்டுக் கேட்டுத்தான் எங்கம்மாவ வராதவங்களாக்கினீங்க. சேல நல்லாருக்கே, யாரு எடுத்ததுன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? இந்தப் படத்துல அந்தப் புள்ள மூஞ்சியத் திருப்புற எடம் பொய். நான் திருப்பல.”

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீரய்யா தலைவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “கேக்கலம்மா. கேட்டிருக்கணும். தப்புத்தான்” என்றார். தோட்டத்துத் துரையிடமே அவர் அப்படிச் சொன்னதில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “ஜெயரூபா, அடுத்த மே தினத்துக்கு இந்தப் புள்ளய மேடையில ஏத்துறோம்” என்றார். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று றோசாலி டீச்சர் சத்தமாகச் சொன்னதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு இருந்த பெருமையில் நடந்தேனா மிதந்தேனா தெரியவில்லை. நம் வீட்டில் ஒரு வாயாடி இருக்கிறான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உன் வாயும் உன் தைரியமும் வேறொரு இடத்தில் ஒளிந்திருந்தது எனக்குத் தெரியாது.

இதோடு முடிந்திருந்தால் போனிலேயே பீற்றிக்கொண்டிருப்பேன். சங்கத்து வழக்கப்படி கடைசிக் கேள்வி ஒன்று இருக்கிறதே, படத்தின் முடிவு சரியா பிழையா என்று. படத்தில் சடங்குக்குப் பிறகு அந்தத் தாய் ஒருதரம் வீட்டுக்கு வருகிறாள். வீடு பாதியில் நிற்கிறது. அதை முடிக்க வேண்டும் என்று மறுபடியும் மில்லுக்கே பஸ் ஏறுகிறாள். மகள் கையசைக்கிறாள். அதோடு முடிந்துவிடும். றோசாலி டீச்சர் அதைக் கேட்டாள். டிலக்சி இன்னும் உட்காரவில்லை.

வீரய்யா தலைவரே எடுத்துக் கொடுத்தார். அதான் தாய் செய்றது சரின்னு சொல்லிட்டியேம்மா, அப்ப முடிவும் சரிதானே என்றார். இவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், “மொத தடவ போனது சரி மாமா. மறுபடி போனது எனக்குப் புடிக்கல. செவுரு பூசாட்டியும் மழ உள்ள வராது தானே. அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். அது கையக் காட்டுச்சுன்னா போகச் சொன்னதா அர்த்தமில்ல.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, நிரஞ்சலா. மேடத்தையும் தெரியாது, கையெழுத்தும் தெரியாது. படத்தைப் பற்றித்தான் பேசினாள். நான் கடலைச் சட்டியைக் கழுவுகிறேன் என்று பீலிக்குப் போய், கழுவிய சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இப்போது என் பதில். ‘உன் இஷ்டம்’ என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். மேடம் நீட்டுகிற தாளில் கையெழுத்து வேண்டாம். சுவரை நானும் கந்தப்பன் அண்ணனும் ஞாயிறு ஞாயிறாகப் பூசிக்கொள்வோம். கோணலாகத்தான் வரும், நீ வந்து என்னைத் திட்டு. இத்தனை நாள் நீ தனியாகச் சுமந்தது போதும். நீ போனதால்தான் நாங்கள் நிமிர்ந்து நிற்கிறோம். அதை எந்தச் சபையிலும் சொல்லுவேன், இனி என் தொண்டை அடைக்காது.

உன் மகள் நாற்பது பேர் முன்னால் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை போனில் உன்னிடம் வா என்று அவள் ஒருநாளும் கேட்கவும் மாட்டாள், உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று. அதனால் அவளுக்கும் சேர்த்து நான் கேட்கிறேன்.

வந்துவிடு, நிரஞ்சலா.

மாரியம்மா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்னை நினைத்துப் பெருமைப்படும் உன் புருஷன்,
ஜெயரூபன்